பினாங்குக் குசினியில் ஒரு நீண்ட ஜெபம்

கப்பல் ஏறப்போகும் பிள்ளைகளே, உங்களுக்கு வேதபாடம் நடத்தியிருக்கிறார்கள். காயத்துக்குக் கட்டுப் போட, கிணற்று நீரைச் சுத்தம் பண்ண, புதுப் பாஷையில் வணக்கம் சொல்லவெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பாடத்திட்டத்தை வாங்கிப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்நிய நாட்டுக்கு ஊழியத்துக்குப் போகிற தம்பதிக்கு வருகிற முதல் சோதனையைப் பற்றி அதில் ஒரு வரிகூடக் காணோம். அது மலேரியா அல்ல, தனிமையும் அல்ல. பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு உங்களோடு கப்பலில் வருகிறாரே, உங்கள் வீட்டுக்காரர், அவர்தான். ஆம்பிளைப் பிள்ளைகள் சிரிக்க வேண்டாம். உங்களுக்கு அது உங்கள் மனைவி.

நானும் என் கணவரும் இளவயதில் போனவர்கள் அல்ல. யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிக்கூடங்களில் பாடம் சொல்லிக் கொடுத்து, பென்ஷன் வாங்கிய பிறகு போனவர்கள். பினாங்கில் ஒரு சின்னத் தமிழ்ச் சபைக்கு ஊழியர் இல்லை, இரண்டு வருஷம் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். அவர் ஜெபம் பண்ணி முடிவெடுத்தார். நான் அந்த ஜெபம் முடிவதற்குள் பெட்டியே கட்டிவிட்டேன். போன இடத்தில் ஜப்பான்காரன் வந்தான். இரண்டு வருஷம் எங்கே போயிற்றோ, யுத்தம் முடிகிற வரைக்கும் அங்கேயே கிடந்தோம்.

அவரிடம் இரண்டு குணங்கள் உண்டு. இரண்டும் நல்ல குணங்கள் என்று ஊரெல்லாம் சொல்லும். ஊருக்கென்ன, ஊரா அவரோடு குடித்தனம் நடத்துகிறது?

முதலாவது, அவருக்குப் பொய் வராது. பெரிய பொய் மட்டுமல்ல, மனுஷர் ஒருவரோடொருவர் சேர்ந்து வாழத் தேவையான சின்னச் சின்னப் பொய்கூட வராது. நாங்கள் பினாங்கில் இறங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை, ஒரு கிளார்க்கர் தம்முடைய மகளைக் கோவிலில் தனிப்பாட்டுப் பாட வைத்தார். ஆராதனை முடிந்ததும் அவரும் மனைவியும் மகளுமாக வந்து நின்று, "ஐயா, பாட்டு எப்படி?" என்று ஆசையோடு கேட்டார்கள். இவர் ஆழ்ந்து யோசித்துவிட்டு, "பிள்ளைக்கு நல்ல கையெழுத்து எண்டு கேள்விப்பட்டன். அதிலை கவனம் செலுத்தலாம்" என்றார். அந்தக் குடும்பத்தை மறுபடி கோவிலுக்குக் கொண்டுவர நான் மூன்று தரம் அவர்கள் வீட்டுக்கு நடந்தேன்.

இரண்டாவது, ஜெபம். ஜெபம் பண்ணாத ஊழியன் உண்டா என்று கேட்பீர்கள். இவருடைய ஜெபத்தில் ஒருநாள் இருந்து பாருங்கள், பிறகு கேளுங்கள். கர்த்தர் கொடுத்த ஒன்றையும் பெயர் சொல்லாமல் விடக்கூடாது என்பது அவருடைய கொள்கை. மழை, வெயில், காற்று, நல்ல தண்ணீர், முழங்கால், கண், கண்ணாடி. பிறகு சபை. பிறகு ஆளுகிறவர்கள். பிறகு நோயாளிகள், ஒவ்வொருவரும் எந்த உறுப்பில் நோயோ அந்த உறுப்போடு. கடைசியில்தான் சாப்பாடு. அதுவும் இலையில் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஸ்தோத்திரம். சூலியா தெருவில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த ஒரு பாய் எங்கள் சபைக் கலியாணங்களுக்குச் சமைத்துத் தருவார். அவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "அம்மா, ஐயா கண்ண மூடுனதும் ஒரு ஆள அனுப்பிச்சு சொல்லுங்க. அப்புறமா சோறு வடிக்கிறேன். அப்பத்தான் சூடா இருக்கும்" என்றார். அந்த ஏற்பாட்டுக்குப் பிறகுதான் எங்கள் சபையில் கலியாணச் சாப்பாடு சூடாகக் கிடைத்தது.

என் சமையலின் பெயர் கெட்டதும் இதனால்தான் என்று இன்றைக்கும் சொல்வேன். அடுப்பிலிருந்து இறக்கியதைச் சூட்டோடு சாப்பிட்டால் யாருடைய சமையலும் ருசிக்கும். அவர் ஜெபம் முடித்த பிறகு சாப்பிட்டால் தேவதூதர் சமைத்தாலும் களிதான்.

இவ்வளவும் உங்களுக்குத் தெரிந்தால்தான் அந்தத் திங்கட்கிழமை விளங்கும்.

எங்கள் யாழ்ப்பாணத்துச் சபைப் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போது வீட்டுக்கென்று அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி அள்ளித் தனிப் பானையில் போட்டுவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை அது கோவிலுக்குப் போகும். பிடியரிசி என்று பெயர். நான் பினாங்கில் இதை ஆரம்பித்தபோது அங்கேயுள்ள பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆனாலும் கொண்டுவந்தார்கள். காலம் நன்றாயிருந்தவரை அதனால் யாருக்கும் கஷ்டமில்லை.

ஜப்பான்காரன் வந்தபிறகு அரிசிக்குப் பங்கீடு வந்தது. வந்த அரிசியும் அரிசியாகவா இருந்தது? நொய்யும் தவிடும் வண்டும். பங்கீட்டுக்கு மேல் ஒரு வீட்டில் அரிசி இருந்தால் அது பதுக்கல். பதுக்கினவன் என்று வீட்டு ஆம்பிளையை இழுத்துக்கொண்டு போனால் அவன் திரும்பி வருவான் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. வந்தாலும் போன மாதிரி வருவதில்லை. எங்கள் சந்தின் கோடியில் இருந்த ஒரு கடைக்காரர் அப்படிப் போய் வந்து, அதற்குப் பிறகு நிமிர்ந்து நடக்கவேயில்லை. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே எழுந்து, பிடியரிசி இனிமேல் வேண்டாம், அவரவர் பிள்ளைகளைப் பாருங்கள் என்றேன்.

அப்போது ஞானம்மா எழுந்தாள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவருடைய மனைவி. வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். அவளுடைய தம்பியையும் எங்கள் சந்தில் வேறு பல ஆண்களையும் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோயிருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன பிள்ளைகள் சந்தில் பகல் முழுக்க ஒரு சத்தமும் போடாமல் உட்கார்ந்திருக்கும். பிள்ளைகள் சத்தம் போடாத சந்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்க்கவே வேண்டாம்.

"என்னாம்மா நீங்க, நல்ல காலத்துல குடுக்கச் சொன்னீங்க, இப்ப வேணாங்கிறீங்க. இப்பத்தான லா தேவை?" என்றாள், அந்த ஊரார் பேச்சில் ஒட்டுகிற 'லா'வோடு. வேண்டாம் என்றதை அங்கேயே திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அதிலிருந்து பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சேலை முந்தானையில் ஒரு பிடி முடிந்துகொண்டு வருவார்கள். நான் ஒரு குண்டானில் சேர்த்து வைப்பேன். திங்கட்கிழமை காலையில் ஞானம்மாவும் கிளார்க்கர் மனைவியும் வந்துவிடுவார்கள். ஆமாம், அதே கிளார்க்கர் மனைவிதான், மூன்று தரம் நடந்து கூட்டிவந்தேனே, அவர். சேர்ந்த அரிசி முழுவதையும் பெரிய அண்டாவில் போட்டு, மேலே மரவள்ளிக்கிழங்கை வெட்டிப் போட்டுக் கஞ்சி காய்ச்சி, சந்துப் பிள்ளைகளுக்கு மத்தியானம் ஊற்றுவோம். மரவள்ளிக்குப் பங்கீடு கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் காய்ச்சலாம். அரிசிதான் ஆபத்து. இரண்டே பேர் இருக்கிற மிஷன் வீட்டில் ஓர் அண்டா அரிசிக் கஞ்சி கொதித்தால் அதற்கு என்ன சமாதானம் சொல்வது?

யார் போய்ச் சொன்னார்களோ, ஒரு திங்கட்கிழமை அதிகாரி ஒருவர் வந்துவிட்டார். கூடத் துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள். பேச்சைத் தமிழில் மாற்றிச் சொல்ல ஒரு தமிழ்த் தம்பி. சூலியா தெருவில் ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர், ஜப்பான் பாஷை பழகி இந்த வேலைக்கு வந்திருந்தார். வேலை கிடைத்த சந்தோஷம் முகத்தில் துளியும் இல்லை.

வாசலுக்குப் போனவர் என் கணவர். நான் குசினியில், அடுப்படியில், மற்ற இரண்டு பெண்களோடும் நின்றபடி ஒவ்வொரு சொல்லும் கேட்டேன்.

"ஐயா, இந்த வீட்ல அரிசி பதுக்கி வச்சிருக்கீங்களாமே, அதிகாரி கேக்குறாரு."

"பதுக்கிறதோ? ஒருநாளும் இல்லை" என்றார் இவர். எனக்கு உயிர் வந்தது. அடுத்த வாக்கியத்தில் போய்விட்டது. "எல்லாம் குசினியிலை திறந்துதான் இருக்கு. வாங்கோ, காட்டுறன்."

காட்டுகிறாராம்! கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வராத குறை.

நான் அண்டாவைப் பார்த்தேன். அரிசி அப்போதுதான் வெந்து, ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியே மேலே வந்து புரண்டுகொண்டிருந்தது. என் ஆயுசில் அவ்வளவு பக்குவமாக நான் கஞ்சி காய்ச்சினதேயில்லை. அண்டாவைக் கவிழ்த்து வடிகாலில் ஊற்றலாமா? வடிகால் வாசல் பக்கமாகத்தான் ஓடுகிறது. அதோடு மத்தியானம் அந்தப் பிள்ளைகள் வந்து நிற்கும். பொய் சொல்லலாமா? எனக்கு வரும், தாராளமாக வரும். ஆனால் நான் சொல்லி வாய் மூடுமுன்னே இவர் திருத்துவார். வகுப்பில் பிள்ளைகளுடைய கணக்கைத் திருத்துகிற மாதிரி, அன்பாகத் திருத்துவார். ஆளையும் கொண்டுபோய்விடுவார்கள், கஞ்சியும் போய்விடும்.

நெருக்கடியில் புத்தி வேலை செய்யும் என்பார்கள். எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை, முப்பது வருஷத்துக் கோபம் வேலை செய்தது. இந்த மனுஷர் ஜெபம் பண்ணியே எத்தனை கஞ்சியைக் களியாக்கியிருக்கிறார் என்பது அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது. அண்டாவை மூடினேன். அடுப்பில் இன்னும் இரண்டு விறகைத் திணித்தேன். அவர்கள் உள்ளே கால் வைத்ததும் கைகளைக் கூப்பிக்கொண்டு சொன்னேன்:

"இஞ்சருங்கோ, வீடு தேடி வந்திருக்கினம். ஜெபம் பண்ணாமல் ஒண்டும் தொடங்கக் கூடாது. ஆறுதலாப் பண்ணுங்கோ."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கலியாணம் கட்டின நாளிலிருந்து "சுருக்கமா, சுருக்கமா" என்று காதில் ஓதினவள், ஆற அமர, ஆறுதலாகப் பண்ணச் சொல்கிறாள். கண் கலங்கிவிட்டது மனுஷருக்கு. உடனே கண்ணை மூடினார்.

தமிழ்த் தம்பி அதிகாரியிடம் ஏதோ சொன்னார். அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு விறைப்பாக நின்றார். சிப்பாய்களும் நின்றார்கள். வழிபாட்டுக்கு நடுவில் குறுக்கே பேசுவது அவர்கள் ஊரிலும் மரியாதை இல்லை போலும். பாவம், எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

"எங்கள் பரம பிதாவே, இந்தக் காலை வெளிச்சத்துக்காக உமக்கு ஸ்தோத்திரம். தண்ணீர்மலைப் பக்கத்திலிருந்து ஓடிவருகிற நல்ல தண்ணீருக்காக ஸ்தோத்திரம்..."

நான் மெல்ல மூடியை விலக்கி அகப்பையை விட்டேன். ஞானம்மா ஒரு கண்ணைத் திறந்தாள். கெட்டிக்காரி, ஒரு நொடியில் புரிந்துகொண்டாள். கீரை மசிக்கிற மத்தை எடுத்து மறுபக்கம் நின்று மசிக்க ஆரம்பித்தாள். கிளார்க்கர் மனைவி ஊதுகுழலை எடுத்தார். ஒருவர் ஜெபிக்க, ஒருத்தி கிண்ட, ஒருத்தி மசிக்க, ஒருத்தி ஊத, அதிகாரி இதெல்லாம் எங்கள் சமயத்துச் சடங்கு என்று நினைத்திருக்க வேண்டும். அண்டாவுக்குக்கூட ஒரு தரம் தலை வணங்கினார்.

ஜெபம் முழங்காலுக்கு வந்தது. நெடுநேரம் கழித்துக் கண்ணாடிக்கு வந்தது. இந்த இடத்தில் நான் 'கொஞ்ச நேரம்' என்று எழுதியிருந்தேன். அச்சுக்குப் போகுமுன் என் கணவர் வாசித்துப் பார்த்து, அதை வெட்டிவிட்டு 'நெடுநேரம்' என்று திருத்தினார். உண்மை அதுதானாம்.

பிறகு ஆளுகிறவர்களுக்கு வந்தார். என் கை நின்றுவிட்டது. "எங்களை ஆளுகிறவர்களுக்கு நல்ல புத்தியைத் தாரும் ஆண்டவரே. இப்போது இருப்பது போதாது." அதிகாரி தமிழ்த் தம்பியைப் பார்த்து ஏதோ கேட்டார். தம்பிக்கு நெற்றியில் வியர்வை. இரண்டே சொல்லில் பதில் சொன்னார். பல நாள் கழித்து என்ன சொன்னார் என்று கேட்டேன். "இன்னமும் நன்றிதான் சொல்லிக்கிட்டிருக்காருன்னு சொன்னேம்மா. அதுவும் பொய்யில்ல லா" என்றார்.

நோயாளிகள் முடிந்தார்கள். பருக்கைகள் பாதிக்கு மேல் கரைந்திருந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்தது சாப்பாடு. இலையில் உள்ளதைப் பெயர் பெயராகச் சொல்லி நன்றி செலுத்துகிற மனுஷர். கர்த்தரிடமா பொய் சொல்வார்? பக்கத்தில் நிற்பதோ தமிழ் தெரிந்த ஆள். என்னுடைய கெட்டித்தனத்தால் நானே அவரைக் கொண்டுபோய்ச் சிக்கவைத்திருக்கிறேன். அந்த நிமிஷம் நான் பட்ட பயம் என் எதிரிக்கும் வேண்டாம். கிளார்க்கர் மனைவிக்கும் ஜெபத்தின் ஒழுங்கு மனப்பாடம். ஊதுவதை நிறுத்திவிட்டு ஞானம்மாவைப் பார்த்தார்.

"இந்த வீட்டின் ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். மரவள்ளிக்கிழங்குக்காக ஸ்தோத்திரம். இந்த அண்டாவிலே கொதிக்கிற..."

"ஆமென்!" என்றாள் ஞானம்மா. குசினிக் கூரை அதிர்ந்தது.

அவர் கண்ணைத் திறந்தார். "நான் இன்னும் முடிக்கேல்லை" என்றார். மறுபடி கண்ணை மூடினார். "இந்த அண்டாவிலே கொதிக்கிற..."

"ஆமென்!" என்றோம் மூன்று பேரும். இத்தனை வருஷமாக அந்தச் சபையில் எத்தனை பேர் அந்த ஒரு வார்த்தையை அந்த இடத்தில் போட ஆசைப்பட்டிருப்பார்கள்! அதிகாரிக்கு இது தன்னுடைய முறை என்று தோன்றியதோ என்னவோ, இடுப்பு வரைக்கும் குனிந்து, "ஆமென்" என்றார். சிப்பாய்களும் குனிந்து, "ஆமென்" என்றார்கள். வந்த விருந்தாளியே முடித்துவைத்த ஜெபத்தை என்ன செய்வது? இவர் வாயை மூடினார்.

அதிகாரி அண்டாவின் மூடியை எடுத்தார். உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு களி, அடிப்பிடித்த நாற்றத்தோடு, 'குபுக்' என்று ஒரு குமிழி விட்டது. பருக்கை என்று சொல்ல ஒன்று கிடையாது.

"இது என்னான்னு கேக்குறாரு."

"மரவள்ளிக் கஞ்சி தம்பி" என்றேன். என் கணவர் வாய் திறப்பது கடைக்கண்ணில் தெரிந்தது. ஒரு கிண்ணம் நிறைய அள்ளி அதிகாரியின் கையில் கொடுத்தேன். மரியாதைக்கு ஒரு வாய் வைத்தார். அவர் முகம் போன போக்கை நான் என்னவென்று சொல்ல? யுத்தத்தில் எதையெல்லாம் பார்த்த மனிதரோ, அதை விழுங்குவதற்கு இரண்டு தரம் முயன்றார். பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, நேராக என் கணவரிடம் திரும்பிக் கேட்டார்.

தமிழ்த் தம்பி சொன்னார்: "ஐயா, நீங்க வழக்கமா இதத்தான் சாப்பிடுறீங்களான்னு கேக்குறாரு. உண்மையச் சொல்லணுமாம்."

உண்மையைச் சொல்லணுமாம். யாரிடம் கேட்கிறான் பாருங்கள்.

என் கணவர் அண்டாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, பாட்டு எப்படி என்று கேட்டபோது யோசித்தாரே, அதே மாதிரி ஆழ்ந்து யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஓம். கலியாணம் கட்டின நாளிலையிருந்து. என்ரை மனுசி காய்ச்சினால் இப்பிடித்தான் இருக்கும்."

தம்பி மாற்றிச் சொன்னார். அதிகாரி சந்தேகத்தோடு மற்றப் பெண்களைப் பார்த்தார். ஞானம்மா தலையாட்டினாள். கிளார்க்கர் மனைவி, கொஞ்சம் அதிகமாகவே தலையாட்டினார். பாட்டுக் கணக்கு அன்றோடு நேராயிற்று என்று நினைத்திருப்பார்.

அதிகாரி என் கணவருக்கு எதிரே போய் நின்று, மெதுவாக ஒரு வணக்கம் வைத்தார். தம்பி அதையும் மாற்றிச் சொன்னார்: "அரிசி இருக்கிற வீட்ல இப்படி ஒரு சாப்பாடு இருக்காதாம். ஐயாவோட பொறுமைக்கு மரியாதை சொல்றாரு." போய்விட்டார்கள்.

பிள்ளைகளே, ஊழியத்துக்குப் புறப்படுமுன் வீட்டுக்காரரின் குறைகளையெல்லாம் திருத்திவிட வேண்டும் என்று இங்கே சில பெண்கள் சொல்வது என் காதில் விழுகிறது. திருத்தாதேயுங்கள். எது எப்போது உதவும் என்று உங்களுக்குத் தெரியாது. நான் முப்பது வருஷம் முயன்று தோற்றதால்தான் இன்றைக்கு எனக்கொரு வீட்டுக்காரர் இருக்கிறார்.

மத்தியானம் சந்துப் பிள்ளைகள் வந்தார்கள். களி என்றோ அடிப்பிடித்தது என்றோ ஒரு பிள்ளை முகம் சுளிக்கவில்லை. தேங்காய்ச் சிரட்டையை நக்கித் துடைத்து வைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போனதும் ஞானம்மாவும் கிளார்க்கர் மனைவியும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நழுவினார்கள்.

எனக்கு அப்போதுதான் யோசிக்க நேரம் கிடைத்தது. அவரைக் கொண்டுபோயிருந்தால்? பயம் முழுவதும் கோபமாக மாறியது. வேறு எப்படி மாறும்?

"இவ்வளவு காலமும் உங்களுக்குப் பொங்கிப் போட்டதுக்கு, ஊரான் முன்னாலை, துவக்கு பிடிச்ச சிப்பாய்மார் முன்னாலை, நல்ல பேர் வாங்கித் தந்தியள்" என்றேன். அழுகையும் வந்துவிட்டது. "அப்ப இத்தனை வருசமும் என்ரை சாப்பாட்டைச் சகிச்சுக்கொண்டுதானே இருந்தியள்? சொல்லுங்கோ!"

அவர் அண்டாவுக்குள் தலையை விட்டு, அடியில் ஒட்டியிருந்ததை அகப்பையால் சுரண்டி இரண்டு கிண்ணத்தில் போட்டார். ஒன்றை என் பக்கம் தள்ளினார்.

"எப்பிடி இருக்கும் எண்டு கேட்டான், சொன்னன்" என்றார். "எனக்குப் பிடிக்குமோ எண்டு அவன் கேக்கேல்லையே."

அவருக்குப் பொய் வராது என்பது உங்களுக்குத் தெரியும். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட்டேன். கஞ்சி வாயில் வைக்க முடியவில்லை. அவர் சுரண்டி இன்னொரு தரம் போட்டுக்கொண்டார்.